கணினி தூவும் பொரி

மக்களே, கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டிருக்கிறீர்களா? பொரி விழுந்ததும் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும். அதைப் பார்த்துக் கைகொட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். அடுத்த முறை இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். மீன் தின்றது போக மிஞ்சிய பொரி என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிக்கொண்டு மெல்ல ஒரு பக்கமாக நகரும். ஏதாவது ஒரு மூலையில் போய் ஒதுங்கும். சில நேரம் அங்கிருந்து திரும்பி, சுவரோரமாகவே வேறு பக்கம் புறப்படும்.

அதுவரை குளம் தூங்குவது போலத்தான் தெரிந்தது. தண்ணீர் நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொரி வந்துதான் சொன்னது.

தண்ணீர் தண்ணீருக்குள்ளேயே ஓடும்போது, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. காட்டிக்கொடுக்க ஒரு மிதவை வேண்டும். கணினிக்குள் ஓர் ஏரியையோ கடலையோ உண்டாக்கி, அதில் ஆயிரம் ஆயிரமாகப் பொரியைத் தூவி, நீரோட்டத்தை அனிமேஷன் படமாக ஓடவிடுகிறார்கள் விஞ்ஞானிகள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். பேசுவதற்கு நல்ல இடம் நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. வாருங்கள், வட்டக்கோட்டைக்குப் போவோம்.

கோட்டைச் சுவரின் மேலிருந்து

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் வட்டக்கோட்டை. 18ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், டி லெனாய் என்ற தளபதியின் மேற்பார்வையில் பலப்படுத்திக் கட்டப்பட்ட கருங்கல் கோட்டை இது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர்தான் இந்த டி லெனாய். பிறகு அதே மன்னரின் படையில் சேர்ந்து தளபதியானார்.

சுவரின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் சுற்றும் காற்றாலைகள். திரும்பினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். கோட்டைக்குள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு குளம். சின்னத் தண்ணீரும் பெரிய தண்ணீரும் ஒரே இடத்தில்!

கடலை உற்றுப் பாருங்கள். அலை தெரிகிறது, சரி. அலைக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? தெற்கேயா, வடக்கேயா? சொல்ல முடியவில்லை அல்லவா? ஆனால் கொஞ்ச தூரத்தில் நீளமாக ஒரு நுரைக்கோடு கிடக்கும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வந்து ஒன்றோடொன்று நெருக்கும் இடத்தில்தான் நுரையும் குப்பையும் இப்படி வரிசையாகச் சேரும். கடல் தானே தூவிய பொரி அது.

கீழே இறங்கிக் கரைக்கு வாருங்கள். மணலில் கறுப்பு வரிகள் ஓடுவதைப் பாருங்கள். யாரோ மையைத் தொட்டு இழுத்த மாதிரி இருக்கும். குனிந்து ஒரு பிடி அள்ளுங்கள். சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கும். கறுப்பாகப் பளபளப்பது இல்மனைட் என்ற கனிமம். சிவந்து தெரிவது கார்னெட். வெளுத்தது குவார்ட்ஸ் என்ற படிகக்கல் தூள். ஒரே அளவு எடுத்துக்கொண்டால் இல்மனைட்டின் எடை குவார்ட்ஸைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அலை ஏறி இறங்கும்போது லேசான வெள்ளை மணலை வாரிக்கொண்டு போகிறது. கனமான கறுப்பு மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. முறத்தில் அரிசியைப் புடைக்கும்போது உமி பறந்து அரிசி தங்குமே, அதே வேலைதான். இந்தக் கறுப்பு வரி, தண்ணீர் நடந்த நடையைத் தண்ணீரே வரைந்து வைத்த படம்.

ஆனால் இது அசையாத படம். நேற்று நடந்ததை மட்டும் சொல்லும். நாளைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் போகும் என்று தெரிய வேண்டுமானால் என்ன செய்வது? கடல் முழுவதும் பொரி தூவ முடியுமா? அங்கேதான் கணினி வருகிறது.

கடலைக் கட்டம் கட்டுவோம்

கணினிக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியாது. எண்களை மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் முதல் வேலை, கடலைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது.

வட்டக்கோட்டைக்கு எதிரே நூறு கிலோமீட்டர் நீளம், நூறு கிலோமீட்டர் அகலம் கொண்ட கடல் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் 10,000 கட்டங்கள். கடலுக்கு ஆழமும் உண்டு. அடுக்குச் சோற்றுப்பாத்திரம் மாதிரி மேலிருந்து கீழாக 40 அடுக்காகப் பிரித்தால் மொத்தம் 4,00,000 பெட்டிகள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சில எண்கள் இருக்கும். தண்ணீரின் வேகம் எவ்வளவு, எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு. இப்போது கணினி ஒவ்வொரு பெட்டியிடமும் கேட்கிறது: "உன்னைத் தள்ளுவது யார்?"

காற்று மேலே இருந்து தள்ளும். பக்கத்துப் பெட்டியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அங்கிருந்து தண்ணீர் இங்கே சரியும். உப்பு கூடிய, குளிர்ந்த நீர் கனமாக இருப்பதால் கீழே இறங்கும். அடித்தரை உரசி வேகத்தைக் குறைக்கும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால், பூமியின் வட பாதியில் ஓடும் நீர் கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுங்கும். இத்தனை தள்ளலையும் கூட்டிக் கழித்து, அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பெட்டித் தண்ணீர் என்ன ஆகும் என்று கணினி கணக்குப் போடும். போட்டு முடித்ததும் அதற்கடுத்த ஐந்து நிமிடம்.

ஒரு நாளைக்கு எத்தனை ஐந்து நிமிடம்? 288. நாலு லட்சம் பெட்டிகளை 288ஆல் பெருக்குங்கள். 11 கோடியே 52 லட்சம்! நம் ஊர்க் கடலின் ஒரு சிறு துண்டுக்கு, ஒரே ஒரு நாளைக்கு, இத்தனை முறை கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்குக்குத்தான் கணினி மாதிரி என்று பெயர்.

கணினி வருவதற்கு முன்பே இப்படிக் கட்டம் கட்டிக் கணக்குப் போட ஒருவர் துணிந்தார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. வானிலையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டார். அதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. விடையும் தப்பாக வந்தது. அவர் சோரவில்லை. 1922இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் அந்தத் தப்பையும் ஒளிக்காமல் அச்சிட்டார். பெரிய அரங்கம் ஒன்றில் 64,000 பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு கணக்குக் கொடுத்தால் வானிலையை எட்டிப் பிடிக்கலாம் என்று கனவு கண்டு எழுதினார். அந்த 64,000 பேரின் வேலையை இன்றைக்குக் கணினி செய்கிறது. ரிச்சர்ட்சனை மறந்துவிடாதீர்கள். அவர் இன்னொரு முறை வருவார், கையில் ஒரு கிழங்கோடு!

எண் எப்படிப் படமாகிறது?

கோடிக்கணக்கான எண்களை அச்சடித்துக் கையில் கொடுத்தால் யாருக்குப் புரியும்? அதனால்தான் கணினி பொரி தூவுகிறது.

கணினிக் கடலில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புள்ளிகளைப் போடுவார்கள். ஒவ்வொரு புள்ளியும் தான் இருக்கும் பெட்டியைப் பார்த்து, "தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்?" என்று கேட்டு அந்தப் பக்கம் ஓர் அடி நகரும். நகர்ந்த இடத்தில் மறுபடி கேட்கும், மறுபடி நகரும். இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்றால் இரண்டையும் கேட்டுச் சராசரி எடுத்துக்கொள்ளும். புள்ளி போன வழியில் ஒரு வால் வரைவார்கள். பழைய வால் மெல்ல மங்கும், புதியது பளிச்சென்று இருக்கும். வேகமான இடத்துக்கு ஒரு நிறம், மெதுவான இடத்துக்கு வேறு நிறம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோயில் குளத்துப் பொரி கடைசியில் ஒரு மூலையில் ஒதுங்கியது ஞாபகமிருக்கிறதா? கணினிப் பொரியும் அப்படித்தான் சில இடங்களில் போய்க் குவிந்துவிடும். மற்ற இடமெல்லாம் வெறிச்சோடிப் போகும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் கொஞ்ச நேரம்தான் ஆயுள் கொடுப்பார்கள். அது மறைந்ததும் வேறெங்கோ புதுப்புள்ளி பிறக்கும். படம் முழுவதும் நிறைந்தே இருக்கும்.

காலத்தையும் சுருக்குவார்கள். கடலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம் என்று வைத்து, நொடிக்கு 24 படம் ஓட்டினால், ஒரு முழு நாள் ஒரே நொடியில் ஓடிவிடும். ஓர் ஆண்டு? 365 நொடி. அதாவது ஆறு நிமிடம், ஐந்து நொடி! நாசா 2011இல் இப்படி ஓர் அனிமேஷன் செய்தது. 2005 ஜூன் முதல் 2007 டிசம்பர் வரை உலகக் கடல்களின் மேல்மட்ட நீர் எப்படி ஓடியது என்பதை அது காட்டுகிறது. பார்த்தால் குழந்தையின் உச்சந்தலையில் இருக்கும் சுழி போல, கடல் முழுக்கச் சுழி சுழியாக இருக்கும்.

நம் கடல் திரும்பி ஓடும் கடல்

உலகத்தின் பெரும்பாலான பெரிய நீரோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுகின்றன. நம் கடல் அப்படியல்ல. குமரிமுனையைச் சுற்றியுள்ள நீரோட்டத்தை ஓராண்டு அனிமேஷனாக ஓட்டினால், அது நடுவில் திரும்பி ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அப்போது நீரோட்டம் கேரளக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி வரும். குமரிக்குத் தெற்கே கிழக்குப் பக்கமாகத் திரும்பி, இலங்கைக்குக் கீழே போய், வங்கக் கடலுக்குள் நுழையும்.

கார்த்திகை, மார்கழியில் எல்லாம் தலைகீழ். வங்கக் கடல் நீர் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே வரும். குமரிமுனைக்குத் தெற்கே கடந்து கேரளக் கரையோரம் வடக்கே ஏறும். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் வங்கக் கடலில்தான் கலக்கின்றன. அதனால் அந்த நீரில் உப்பு குறைவு. அந்த உப்புக் குறைந்த நீர் நம் முனையைச் சுற்றி அரபிக் கடல் வரைக்கும் போகிறது. மார்கழியில் நம் கடலில் கை நனைக்கும்போது, கங்கையில் கலந்திருந்த ஒரு துளி உங்கள் விரலைத் தொட்டிருக்கலாம்!

பாட்டா கேட்ட கேள்வி

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம், கைப்பேசியில் இப்படியொரு படத்தை ஓட்டிக் காட்டினேன்.

"பாட்டா, இது நம்ம கடல். இந்தக் கோடெல்லாம் நீரோட்டம்" என்றேன்.

"நீவாடுன்னு சொல்லு மக்கா" என்றார். கடற்கரைக்காரர்கள் நீரோட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் அது. படத்தைக் கண் இடுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது மேல ஓடுற நீவாடா, அடியில ஓடுறதா?"

"மேல ஓடுறதுதான் பாட்டா."

"அப்போ அடியில உள்ளத யாரு காட்டுவா? வல அடியிலல்லா கெடக்கு!"

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானியும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்பார். மேலே ஒரு திசையில் ஓடும் நீர் அடியில் வேறு திசையில் ஓடலாம். கணினி மாதிரியில் 40 அடுக்கு வைத்ததே அதற்காகத்தான். எந்த அடுக்கில் பொரி தூவினோமோ அந்த அடுக்கின் கதையைத்தான் படம் சொல்லும். பாட்டா படிக்காமலே தெரிந்து வைத்திருப்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

நீங்களும் அனிமேஷன் பார்க்கும்போது இன்னொரு கேள்வி கேளுங்கள். "இந்தப் படத்தில் நேரம் ஓடுகிறதா, நிற்கிறதா?" சில படங்களில், காலை 8 மணிக்கு இருந்த நீரோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன்மேல் புள்ளிகளை ஓடவிடுவார்கள். கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மணி எட்டிலேயே நிற்கும். வடசேரி பேருந்து நிலையத்தில் காலை 8 மணிக்கு எந்தப் பேருந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டு, அதையே பார்த்து நாள் முழுக்கப் போக முடியுமா? அப்படித்தான் இதுவும். எந்தப் பக்கம் ஓட்டம் என்று காட்ட அந்தப் படம் நல்லது. அதில் போட்ட பொருள் மூன்று நாள் கழித்து எங்கே கரையேறும் என்று சொல்ல, நேரமும் ஓடுகிற படம்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் பாதி அளவுக்கு ஓர் ஏரி

இப்போது ஏரிக்குப் போவோம். வட அமெரிக்காவில் மிச்சிகன் என்றோர் ஏரி. பரப்பு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு! அதன் வடக்குமுனையில் ஹியூரான் என்ற இன்னொரு பேரேரி சேருகிறது. இரண்டும் கைகோக்கும் ஒடுக்கமான இடத்துக்கு மெக்கினாக் நீரிணை என்று பெயர்.

ஏரித் தண்ணீர்தானே, சும்மா கிடக்கும் என்று நினைக்காதீர்கள். காற்றும் காற்றழுத்தமும் மாறும்போது இரண்டு ஏரிகளின் நீர்மட்டமும் ஏறி இறங்கும். உடனே நீரிணை வழியாகத் தண்ணீர் அந்தப் பக்கம் பாயும். இரண்டு மூன்று நாளில் திரும்பி இந்தப் பக்கம் பாயும். உச்சத்தில் அங்கே பாயும் நீர் நயாகரா அருவியில் விழும் நீரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்!

அந்த நீரிணையின் அடியில் 1953 முதல் எண்ணெய்க் குழாய்கள் கிடக்கின்றன. ஒருநாள் அவை உடைந்தால் என்ன ஆகும்? டேவிட் ஷ்வாப் என்ற ஏரி ஆய்வாளர் கணினி மாதிரியில் அதைக் கணக்குப் போட்டார். காற்று மாறினால் ஓட்டமும் மாறுமே! அதனால் 2016இல் வெவ்வேறு வானிலையில் 840 முறை கற்பனையாக எண்ணெயைச் சிந்தவிட்டுப் பார்த்தார். ஒரே இடத்தில் சிந்திய எண்ணெய் ஒரு முறை கிழக்கே போனது, ஒரு முறை மேற்கே போனது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணெய் தொடக்கூடிய கரையின் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கணக்கை அனிமேஷனாக ஓட்டி, எண்ணெய் இரு பக்கமும் நாக்கு நீட்டிப் பரவுவதைக் காட்டினால், ஏரிக்கரையில் வாழும் சாதாரண மக்களுக்கும் ஆபத்தின் அளவு புரியும். பக்கம் பக்கமாக எண்களைக் கொடுத்தால் அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்?

வெள்ளை மணிகள் வந்த வழி

நம் கடலில் இப்படி ஒன்று உண்மையாகவே நடந்தது. 2025 மே 25ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. சிலவற்றில் பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய உதவும் குட்டிக் குட்டி மணிகள். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும்.

அதற்கு முந்தின நாள்தான் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. நீரோட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும்? இப்போது உங்களுக்கே தெரியும். தெற்கே! கண்டெய்னர்கள் ஆலப்புழை, கொல்லம் கரைகளில் ஒதுங்கின. வெள்ளை மணிகள் திருவனந்தபுரத்தைத் தாண்டி, அந்த மாதம் முடிவதற்குள் நம் குமரி மாவட்டக் கரையிலும் வந்து படிந்தன. மக்கள் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியதாயிற்று. கடலில் யாரும் தூவக்கூடாத பொரி அது. மீன்கள் தீனி என்று நினைத்து விழுங்கிவிடும் அல்லவா?

அந்த நேரத்தில் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற நிறுவனம், கண்டெய்னர்கள் எந்தக் கரைப்பக்கம் மிதந்து வரும் என்று கணினி மாதிரியில் கணித்துச் சொன்னது. இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் என்பது அதன் முழுப்பெயர். 1999இல் தொடங்கியது. அலை எவ்வளவு உயரம், நீரோட்டம் எந்தப் பக்கம், மீன் எங்கே கிடைக்கலாம் என்றெல்லாம் மீனவர்களுக்கு அன்றாடம் சொல்லி வருகிறது.

2016 முதல் இன்னொரு சேவையும் நடத்துகிறது. அதன் பெயர் சாரட். கடலில் ஒரு படகோ ஆளோ காணாமல் போனால், கடைசியாகப் பார்த்த இடத்தையும் நேரத்தையும் அதில் கொடுக்க வேண்டும். காணாமல் போனது ஆளா, படகா, என்ன வகைப் படகு என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மிதக்கும். கணினி அந்த இடத்தில் கற்பனைப் புள்ளிகளை ஏராளமாகத் தூவி, காற்றும் நீரோட்டமும் அவற்றை எங்கெங்கே கொண்டுபோகும் என்று கணக்குப் போட்டு, "இந்த வட்டத்துக்குள் தேடுங்கள்" என்று காட்டும்.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலை நம் மாவட்டம் மறக்காது. கடலுக்குப் போன அப்பாவை, மாமாவை, அண்ணனை எதிர்பார்த்துக் கரையில் நின்ற வீடுகள் எத்தனை! தேடும் வட்டம் சிறியதானால், தேடுகிறவர்கள் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிர். திரையில் அழகாக ஓடும் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வேலை இருக்கிறது, மக்களே.

கிழங்கோடு வந்த விஞ்ஞானி

படம் சொன்னது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உண்மைத் தண்ணீரில் உண்மை மிதவையைப் போட்டுத்தான்!

இதோ, ரிச்சர்ட்சன் மறுபடி வந்துவிட்டார். வயதான காலத்தில், ஹென்றி ஸ்டோமெல் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானியோடு, ஸ்காட்லாந்தில் லாக் லாங் என்ற கடல்கழியின் படகுத்துறையில் நின்றுகொண்டு, வெள்ளை நிறக் கேரட் போல இருக்கும் பார்ஸ்னிப் என்ற கிழங்கின் துண்டுகளை ஜோடி ஜோடியாகத் தண்ணீரில் போட்டார். சற்று நேரத்தில் இரண்டு துண்டும் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்று அளந்தார்கள். 1948இல் அந்த ஆராய்ச்சி வெளியானது. கடல் எப்படிக் கலக்கிறது என்று சொன்ன முக்கியமான ஆராய்ச்சி அது.

ஏன் அந்தக் கிழங்கு? வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அது ஏறக்குறைய முழுவதும் மூழ்கியே மிதக்கும். பொரி தண்ணீரின் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தண்ணீரும் இழுக்கும், காற்றும் தள்ளும். யார் கொண்டுபோனார்கள் என்று பிரிக்க முடியாது. மூழ்கி மிதப்பதைக் காற்று தொடாது. தண்ணீர் மட்டுமே கொண்டுபோகும்.

இன்றைக்கு உலகக் கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகள் அலைந்துகொண்டிருக்கின்றன. மேலே ஒரு பந்து, அதிலிருந்து தொங்கும் கயிறு, பதினைந்து மீட்டர் ஆழத்தில் நீளத் துணிக்குழாய் ஒன்று. அந்தத் துணி ஆழத்து நீரைப் பிடித்துக்கொள்வதால் மேலே அடிக்கும் காற்று மிதவையை ஏமாற்ற முடியாது. பந்து தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கிழங்கு கற்றுக்கொடுத்த பாடம்தான். நம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் கரையில் ஆண்டெனா நட்டு, ரேடியோ அலையை அனுப்பி, கடல் அலையில் பட்டுத் திரும்புவதை வைத்து மேல்மட்ட நீரோட்டத்தை அளக்கிறார்கள். கணினி போட்ட கணக்கையும் இந்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போகாத இடத்தில் மாதிரியைத் திருத்துவார்கள்.

செய்து பாருங்கள்

1. வீட்டுத் தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி அசையாமல் வையுங்கள். மிளகுப்பொடியை மெல்லத் தூவுங்கள். உறிஞ்சுகுழலைத் தண்ணீருக்குச் சற்று மேலே, படுத்தவாக்கில் பிடித்து, விளிம்பிலிருந்து நடுப்பக்கமாக மெதுவாக ஊதுங்கள். பொடி நடுவழியே நேராக ஓடி, எதிர் விளிம்பில் முட்டி, இரண்டாகப் பிரியும். இரு பக்க விளிம்போரமாகவும் உங்களிடமே திரும்பி வரும். வலப்பக்கச் சுழி கடிகார முள் போலச் சுற்றும். இடப்பக்கச் சுழி அதற்கு எதிராகச் சுற்றும்.

குளத்தில் காற்று ஒரே கோட்டில் வீசாமல் முழுப்பரப்பிலும் வீசும். அப்போது ஆழம் குறைந்த கரையோர நீர் காற்றோடு போகும். ஆழமான நடுப்பகுதி வழியாக நீர் காற்றுக்கு எதிராகத் திரும்பி வரும். ஏரி மாதிரிகள் செய்பவர்கள் முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது இதைத்தான்.

2. கணக்கு நோட்டில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். ஓரக் கட்டங்கள் பதினாறு. மேல் வரிசையில் வலப்பக்கம் போகும்படி, வலது வரிசையில் கீழே, கீழ் வரிசையில் இடப்பக்கம், இடது வரிசையில் மேலே என்று அம்பு போடுங்கள். மூலைக்கட்டத்தில் திரும்பும் திசைக்கு அம்பு. பதினாறு சிறு தாள்களில் இதே கட்டத்தை வரைந்து, தாளுக்கு ஒரு கட்டமாகப் புள்ளியை நகர்த்துங்கள். அடுக்கி ஓரத்தில் நூலால் கட்டி, கட்டைவிரலால் சர்ரென்று புரட்டுங்கள். உங்கள் புள்ளி சுற்றிவரும். நீங்கள் செய்த முதல் நீரோட்ட அனிமேஷன் அதுதான்.

3. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கை பொரியும், தோல் உரிக்காத ஓர் ஆரஞ்சும் போட்டு, மேலே விசிறுங்கள். எது முதலில் ஓடுகிறது? ஏன்?

குளத்திலோ கடலிலோ எதையும் தனியாகப் போய்ச் செய்து பார்க்க வேண்டாம். குமரிக் கரையில் வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் திடீரென்று ஏறிவரும். தூரத்துத் தென்கடலில் பிறந்த நீண்ட அலைகள் அவை. 'கள்ளக்கடல்' என்று நம் கடற்கரைக்காரர்கள் சொல்வது அதைத்தான். எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பெரியவர்களோடு மட்டும் போங்கள்.

மறுபடி சுவரின் மேல்

பொழுது சாய்கிறது. வட்டக்கோட்டைச் சுவரின் மேல் கடைசியாக ஒரு தரம் நிற்போம். அந்த நுரைக்கோடு, நாம் வந்தபோது கிடந்த இடத்தில் இப்போது இல்லை. கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் கடல் நடந்திருக்கிறது.

இனி டி.வி.யிலோ கைப்பேசியிலோ நீரோட்டம் பளபளவென்று ஓடுவதைப் பார்க்கும்போது, நன்றாக ரசியுங்கள். ரசித்த கையோடு மூன்று கேள்வி கேளுங்கள். இது மேல் நீரா, அடி நீரா? நேரம் ஓடுகிறதா, நிற்கிறதா? எந்த மிதவையைப் போட்டுச் சரிபார்த்தார்கள்? முதல் கேள்வி பாட்டா கொடுத்தது. மூன்றாவது, கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்து நின்ற ரிச்சர்ட்சன் கொடுத்தது.

நாளைக்கு இந்தக் கடலுக்குக் கட்டம் கட்டிக் கணக்குப் போடப்போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அப்போது மறக்காமல் சின்னமுட்டத்துக்கு வந்து, வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டாவிடம் உங்கள் படத்தை ஓட்டிக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.